தள்ளிவிட ஆள் வேண்டாத வேன்

என் வீட்டுக்காரர் பஸ் கம்பெனிப் பட்டறையில் வயர்மேனாக இருந்தார். பஸ்ஸுக்குள் விளக்கு எரியவில்லை, மணி அடிக்கவில்லை, ஹார்ன் அலற ஆரம்பித்து நிற்கமாட்டேன் என்கிறது என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் ரொட்டி விற்கிறவர்கள் கழித்துக் கட்டிய பழைய வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்தில் நிறுத்தினார். உள்ளே பலகை அடித்துப் படுக்கை போட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் சாங்கிக் கடற்கரையில் படுத்து எழுந்து வரலாம் என்றார். கடல் காற்று உடம்புக்கு நல்லதாம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் கடல் காற்றைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. சாங்கிக்குப் போகிற வழியில் தெம்பனிஸ் வருகிறது, தெம்பனிஸில் அவருடைய அக்கா இருக்கிறார், விஷயம் அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அக்காவைப் பார்க்க எதற்கு வேன் என்று கேட்பீர்கள். பஸ் ஏறிப் போனால் அக்கா வீட்டுக்குள் போக வேண்டியிருக்கும். இவர் போகமாட்டார். வேனில் போனால் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அந்த முயலுக்கு இவர் நான்கு சக்கரம் வைத்தார்.

கதை நாங்கள் கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. நாத்தனாரின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அது நம் வழக்கம். சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கிளம்பிய காலையில் ஊரில் பஸ் ஓடவில்லை, வேலை நிறுத்தம். தோடு, பட்டுப்பாவாடை, பழம், வெற்றிலை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பாதி வழி ஒரு காய்கறி லாரியில், மீதி வழி நடை. வெயிலில் தெம்பனிஸ் செம்மண் பாதையில் போய்ச் சேர்ந்தபோது குழந்தை அழுது ஓய்ந்து, இரண்டு காதிலும் மஞ்சளோடு தூங்கிக்கொண்டிருந்தது. நாத்தனாரின் கணவர் தன் பெரியப்பா மகன் மடியில் குழந்தையை வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். ராகுகாலம் நெருங்குகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்களாம். அவர் மேல் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை, இவர் மேலும் சொல்ல முடியவில்லை. தப்பு பஸ்ஸின் மேல்தான். பஸ்ஸோடு யார் சண்டை போடுவது?

இவர் தட்டை வாசற்படியில் வைத்தார். இனி இந்தப் படியை மிதித்தால் நான் என் அக்காவுக்குத் தம்பி இல்லை என்றார். நாத்தனாரின் கணவர் சும்மா இருந்திருக்கலாம். அவரும் ஆண்பிள்ளைதானே.

"மிதிக்க வேண்டாம். என் வாயால இனி வாங்கன்னு வராது" என்றார்.

நம்மில் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லாத வீட்டுக்குள் மானமுள்ளவன் போகமாட்டான். விரோதி வந்தாலும் வாசலில் வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆகவே ஒருவர் கூப்பிடாமல் இன்னொருவர் போவதில்லை, இன்னொருவர் வராமல் ஒருவர் கூப்பிடுவதில்லை என்று ஆகிப்போனது. நடுவில் நாத்தனார் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கினார்.

சண்டை ஆண்களுக்கு மட்டும்தான். நான் போகலாம், வரலாம். நாத்தனாரின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், என்னை எப்போது பார்த்தாலும் "வா தங்கச்சி" என்பார். மணல் குவாரியில் மேஸ்திரி. அதிகம் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். அந்த விஷயத்தில் இருவரும் ஒரே அச்சு. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் நாத்தனார் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். இவர் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் அக்காவுக்குப் பிடித்த நண்டு வாங்கி வருவார். வருஷங்கள் அப்படியே ஓடின.

பிறகு நாத்தனாருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. மூச்சும் வாங்கியது. இதயம் பலவீனமாக இருக்கிறது, அலையக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பஸ் நிற்கிற இடம் வரைக்கும்கூட நடக்க முடியவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவர் வரவில்லை. இவர் நண்டு வாங்கப் போகவும் இல்லை. அடுத்த சில வாரத்தில்தான் வேன் வந்தது.

பலகை அடித்தார், இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டார், ஒன்றை மடக்கினால் படுக்கை. பஸ்ஸிலிருந்து கழித்த கூரை விளக்குகளைச் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடையில் தேடி எடுத்துவந்து மாட்டினார். முதல் தடவை அவசரத்தில் எல்லாவற்றையும் வேனின் சொந்த பேட்டரியிலேயே இணைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெம்பனிஸ் போனோம். நாத்தனார் வீட்டுக்கு வெளியே ரம்புத்தான் மரத்தடியில், முன்சக்கரம் வேலியைத் தொடாமல், அளந்து நிறுத்தினார். அண்ணன் உள்ளேயே இருந்தார். நாத்தனார் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து ஏறினார். தம்பி கட்டிய பெஞ்சில் உட்கார்ந்து பலகையைத் தடவிப் பார்த்தார். கம்பம் என்று நாங்கள் சொல்லும் அந்தக் குடிசைக் கிராமத்தில் அப்போது கரண்ட் வரவில்லை, மண்ணெண்ணெய் விளக்குதான். பொழுது சாய்ந்து இவர் சுவிட்சைத் தட்டியதும் நான்கு விளக்கும் ஒன்றாக எரிந்தன. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்காவும் தம்பியும் அன்று பேசிய பேச்சுக்குக் கணக்கில்லை. விளக்கு சிவந்து மங்கியதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.

கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் வேன் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. விளக்கே பேட்டரியைக் குடித்துவிட்டது. கையால் சுற்றிக் கிளப்பும் இரும்பு வேனோடு வரவே இல்லை. பக்கத்தில் கோழி வளர்க்கும் சீனர் வந்து தள்ளினார். அசையவில்லை. அப்போது வீட்டுக் கதவு திறந்தது. அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார், வேனின் முதுகில் தோளைக் கொடுத்தார். நான் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம், இந்தப் பக்கம் நான். நெற்றி நரம்பு புடைத்துத் தெரிந்தது. இஞ்சின் பிடித்துக்கொண்டதும் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டி, "போயிட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். அண்ணன் போயிட்டு வாங்கன்னு சொன்னாரு என்றேன். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்டார். வேனைப் பார்த்துச் சொன்னார், வேனுக்குள் நாம் எல்லாரும்தானே இருந்தோம் என்றேன். தங்கச்சியைப் பார்த்துச் சொல்லியிருப்பார், அது கணக்கில் வராது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்குப் பத்திரிகை அடித்து வெற்றிலை பாக்கோடு வந்து கூப்பிடணுமா என்று கேட்டேன். அவர் கை கழுவப் போனார். சாப்பிடும்போது ஒன்றுதான் சொன்னார்.

"அவரு கையால தள்ளித்தான் நான் அக்கா வீட்டுலேர்ந்து வரணுமா? இது இன்னொரு தடவை நடக்காது."

ரொம்ப நாள் நடக்கவில்லை. சொன்னதைச் செய்கிறவர்.

உடைத்துப் போட்ட ஒரு பஸ்ஸிலிருந்து நல்ல பேட்டரி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதைப் பெஞ்சுக்கு அடியில் மரப்பெட்டி செய்து வைத்தார். சார்ஜ் ஏறும்போது வாயு கிளம்பும் என்று பெட்டியிலிருந்து வெளியே போக ஓட்டை போட்டார். சுண்டுவிரல் தடிமன் வயரை வேனின் வயிற்றுக்கு அடியிலேயே இழுத்து, தகரத்தில் உரசும் இடங்களில் ரப்பர் குழாய் மாட்டி, முன்னால் இருந்த பேட்டரியோடு சேர்த்தார். நடுவில் கைப்பிடி வைத்த பெரிய சுவிட்ச் ஒன்று. வேன் ஓடும்போது கைப்பிடியைக் கீழே அழுத்திவிட்டால் டைனமோ இரண்டு பேட்டரிக்கும் ஊட்டும். நிறுத்தியதும் மேலே தூக்கிவிட்டால் இரண்டும் தனித்தனி. விளக்குகள் எல்லாம் இரண்டாவதிலிருந்துதான் எடுக்கும், முதலாவதைத் தொடாது. முதலாவது கிளம்புவதற்கு, இரண்டாவது உட்கார்ந்து பேசுவதற்கு என்று எனக்கு விளக்கினார்.

பல நாள் சாயங்காலம் சந்தில் அந்த வேலை நடந்தது. ஃபேரர் பார்க் மைதானத்தில் பந்து விளையாடிவிட்டு வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வயர் முனையை நான் பிடித்துக்கொள்ள, அவர் வேனுக்கு அடியில் படுத்து இழுப்பார். இழுக்கிற வேகத்தில் கோபம் தெரியும். ஆனால் வேலையில் ஒரு பிசிறு கிடையாது. ஒவ்வொரு இணைப்பையும் முறுக்கி, ஈயம் வைத்து, துணி டேப் சுற்றி, சுற்றிய பிறகு இழுத்துப் பார்த்து. இவ்வளவு ஒழுங்காக ஒரு வீம்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வேன் அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் நின்றதில்லை. எவ்வளவு நேரம் விளக்கு எரிந்தாலும் சரி, சாவியைத் திருப்பியதும் உறுமும். இவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஏனென்றால் நான் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேன் படுத்துக்கொண்ட ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு, நாங்கள் கிளம்பும் நேரத்தில் அண்ணன் வாசலில் வந்து நின்றார். சட்டை இல்லை, கைலியை மடித்துக் கட்டியிருந்தார். வேன் உறுமியது. அவர் கொஞ்ச நேரம் நின்றார், கைலியின் மடிப்பை அவிழ்த்துவிட்டார், உள்ளே போனார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். சாவி திரும்பும் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார். அடுப்படியில் தனியாக இருந்தபோது நாத்தனாரிடம் கேட்டேன். அவர் அரிசி களைந்துகொண்டே சிரித்தார், கண்ணில் தண்ணீர்.

"அது நிக்காதான்னு பாக்குறாரு. தள்ளுற சாக்குல கூப்பிடலாம்ல."

வீட்டுக்கு வரும் வழியில் இவரிடம் கேட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கைப்பிடியைத் தூக்காமல் விடுங்கள், மீதியை அண்ணன் பார்த்துக்கொள்வார் என்றேன். இவர் என்னவோ நான் அவருடைய கையை வெட்டிக்கொள்ளச் சொன்ன மாதிரி பார்த்தார். தெரிந்தே ஒரு வண்டியைக் கெடுப்பதா, பட்டறையில் யாராவது கேட்டால் சிரிக்கமாட்டார்களா என்றார். பட்டறைக்காரர்கள் சிரிப்பார்கள் என்று அக்காவை அழவிட்டார். அன்று நான் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருந்து என்ன பிரயோசனம், அதற்கும் அவருக்குப் பழக்கம் உண்டு.

அவரை மட்டும் சொல்வதும் நியாயமில்லை. அண்ணனுக்குத் தோள் கொடுக்க வேன் எதற்கு? வாசலிலிருந்து மரத்தடி நாலெட்டு தூரம். ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்து நீட்டியிருக்கலாம். வேன் நிற்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் இருந்தார். கூப்பிடட்டும், பிறகு பார்க்கலாம் என்று இவர் இருந்தார். ஊர் தனி நாடாகப் பிரிந்த வருஷம் அது. அந்தப் பிரிவுக்குக்கூட நாலு பேர் உட்கார்ந்து பேசியிருப்பார்கள்.

வயர் மட்டும் கொஞ்சம் நகர்ந்தது. நாத்தனார் ஒருநாள், அடுப்படியில் ஒரு விளக்கு இருந்தால் மீன் கழுவச் சுலபமாக இருக்கும் என்றார். இவர் உடனே நீளமான வயரை மரக்கட்டையில் சுற்றி, முனையில் ஒரு பல்பை மாட்டிக் கொண்டுவந்தார். கால்தான் உள்ளே போகக் கூடாது, வயர் போகலாம் என்பது அவர் கண்டுபிடித்த சட்டம். ஆனாலும் அண்ணன் வீட்டுக்குள் அண்ணன் சொல்லாமல் எப்படி நீட்டுவது என்று யோசித்து, அடுப்படி ஜன்னலுக்கு வெளியே மாமரக் கிளையில் தொங்கவிட்டார். வெளிச்சம் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது. அண்ணன் ஜன்னலை மூடவில்லை. பெண் அந்த வெளிச்சத்தில் பாடம் எழுதினாள். அன்றைக்கு இந்த வயர் மெல்ல மெல்ல உள்ளே போய்விடும், பின்னாலேயே இவரும் போய்விடுவார் என்று நான் நம்பினேன். நாத்தனாரும் நம்பினார். அதற்குப் பிறகு நாலைந்து ஞாயிறு மாமரத்திலேயே தொங்கியது.

நாத்தனார் ஒரு வாரநாளில் இறந்துபோனார். காலையில் தலை சீவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். குவாரியிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து சொன்னார். இவர் பட்டறையிலிருந்து வேலை உடுப்போடு வந்தார். பிறந்த வீட்டுக் கோடி எடுக்க வேண்டுமே, சிராங்கூன் ரோட்டில் புடவைக் கடை முன்னால் வேனை நிறுத்தினார். கடைக்காரர் பத்துப் பன்னிரண்டு புடவை விரித்துப் போட்டார். அக்காவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று என்னைக் கேட்டார். நண்டு பிடிக்கும் என்று தெரிந்தவருக்கு நிறம் தெரியவில்லை. நான் அரக்கு நிறத்தைக் காட்டினேன். கிரீஸ் கறை படிந்த கையால் அதைத் தொடாமல் என்னை எடுக்கச் சொன்னார்.

தெம்பனிஸில் வேனை அதே மரத்தடியில், அதே இடத்தில் நிறுத்தினார். வாசல் நிறைய ஆட்கள். வழி விட்டார்கள். புடவையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படி வரைக்கும் போனார். போய் நின்றுவிட்டார். பத்து வருஷத்துக்கு மேல் நின்ற பழக்கம், கால் அங்கேயே நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து அண்ணன் எழுந்து வந்தார். படிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். அண்ணன் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது, எனக்கு நன்றாகத் தெரியும், நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று கூப்பிடக் கூடாது. குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். அவர் வாயை மூடிக்கொண்டார். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். வருகிற எல்லா ஆண்களுக்கும் நீட்டுகிற கைதான். இவர் புடவைக்கு அடியில் விரல்களை நீட்டி அதைத் தொட்டுவிட்டு, யாரும் கூப்பிடாமலே, படியை மிதித்து உள்ளே போனார். போய் அக்காவின் காலடியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். எனக்குத் துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது.

இருட்டுகிற நேரத்துக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலை உதிர்ந்துவிட்டது. இவர் எழுந்து போய் வேனிலிருந்து வயர் சுற்றிய கட்டையைக் கொண்டுவந்தார். ஜன்னல் பக்கம் போகவில்லை. வாசல் வழியாகவே இழுத்து வந்தார். அண்ணன் கட்டையை அவர் கையிலிருந்து வாங்கிப் பிரித்துக் கொடுக்க, இவர் ஸ்டூலில் ஏறிக் கூரைக் கழியில் பல்பைக் கட்டினார். அரக்குப் புடவை பளிச்சென்று தெரிந்தது. அந்த வீட்டுக்குள் எரிந்த முதல் மின்விளக்கு அது. யாருக்காக இழுத்த வயரோ அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். விடிய விடிய எரிந்தது, விடிகிற நேரத்துக்குச் சிவந்துபோய் அணைந்தது.

மறுநாள் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி வந்து கிணற்றடியில் குளித்தார்கள். பச்சைத் தண்ணீர் குடிக்காத வீட்டுக் கிணற்றில் இவர் தலை முழுகினார். மாற்று உடுப்பு இல்லை என்று அண்ணனுடைய கைலி ஒன்றைப் பெண் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டிக்கொண்டார். பிற்காலத்தில் போக்குவரத்து எல்லாம் சரியாகிவிட்டது, அண்ணன் இங்கே வருவார், நாங்கள் அங்கே போவோம், அவர் வாசலுக்கு வந்து வாங்க வாங்க என்று இரண்டு தடவை சொல்வார். அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் தாய்மாமன் முறை எதுவும் குறையாமல் நடந்தது. அதையெல்லாம் பார்க்க வேண்டியவர் சுவரில் படமாக இருந்தார்.

சுடுகாட்டிலிருந்து வந்த அன்று சாயங்காலமே கிளம்பினோம். நான் பின்பக்கம் ஏறி, வயர்க்கட்டையை வைக்கப் பெஞ்சுப் பலகையைத் தூக்கினேன். பெரிய சுவிட்சின் கைப்பிடி கீழே இருந்தது. அவர் ஒரு நாளும் அப்படி விட்டதில்லை. வந்த பதற்றத்தில் மறந்தாரா, தெரிந்தே விட்டாரா என்று நான் கடைசிவரைக்கும் கேட்கவில்லை. இரண்டு பேட்டரியும் சேர்ந்து விடிய விடிய எரிந்து ஒன்றாகத் தீர்ந்திருந்தன. சாவியைத் திருப்பினார். முனகல்கூட இல்லை.

அண்ணன் படியிலிருந்து இறங்கி வந்தார். ஈரம் காயாத தலை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனின் முதுகில் தோளைக் கொடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே முகம், எனக்கு எதிரில். சக்கரம் செம்மண்ணில் அழுந்தி, மெல்ல உருண்டு, இஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் கை கண்ணாடி வரைக்கும் வந்தது, தட்டவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, அனுப்புகிறவர்களும் போயிட்டு வாங்க என்று சொல்லக் கூடாது. அவர் சொல்லாமல் பாதையில் நின்றார்.

இவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கொஞ்சம் நிறுத்துங்களேன் என்றேன். நிறுத்தினால் இஞ்சின் அணைந்துவிடும், மறுபடி யார் தள்ளுவது என்றார். சொல்லிவிட்டு மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். தள்ளுகிறவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.